ரோஸி எல்லாரிடமும் பேசிவிட்டாள்

ஆடி பிறந்த மூன்றாம் நாள், ரோஸியின் அலுவலகத்தை நகராட்சி தோண்டிப் போட்டது.

அலுவலகம் என்றால் தெருதான். புடவையின் நீளவாக்கில் ஓடும் பட்டு நூலுக்குப் பாவு என்று பெயர். தறி ஏறுவதற்கு முன்னால் அதை அறுபதடிக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவி, உலர்த்திச் சுருட்ட வேண்டும். ஆரணியில் அறுபதடிக்கு யார் வீட்டில் கூடம் இருக்கிறது? விடிகாலையில் தெருவில்தான் கட்டுவார்கள். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, குனிந்து, பாவுக்கு அடியில் நுழைந்து போவார். நாய்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

இப்போது அந்த இடத்தில் பாதாளச் சாக்கடைக்கு ஆளுயரப் பள்ளம். எப்போது மூடுவார்கள் என்று கேட்டதற்கு, பொக்லைன் ஓட்டுநர் வானத்தைப் பார்த்தார்.

ரோஸியின் குழுவில் அவளையும் சேர்த்து நான்கு பேர். நாக்கில் ஊசி வைத்திருக்கும் காத்தாயி, பி.காம். முடித்த சிவசங்கரி, கஞ்சி காய்ச்சும் ஜெயக்குமார். பள்ளத்தின் ஓரத்தில் நின்று மூவரும் அவளையே பார்த்தார்கள்.

போன மாதம்தான் தொழில் குழுத் தலைவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்தவர் திரையில் ஒரு படகைக் காட்டி, “புயலில் தலைவர் கலங்கக் கூடாது” என்றார். மதியம் வெஜிடபிள் பிரியாணி. ரோஸிக்கு இரண்டுமே நன்றாக நினைவிருந்தது. ஆகவே கலங்காமல் சொன்னாள்:

“இடத்துக்கு நான் பேசிட்டேன். நீங்க பேஜார் ஆவாதீங்க.”

யாரிடமும் பேசவில்லை. ஆனால் சொன்ன மாத்திரத்தில் மூன்று முகமும் தெளிந்ததைப் பார்த்ததும், நிஜமாகவே பேசிவிட்டது போல அவளுக்கே ஒரு நிம்மதி.

அடுத்த நாளும் பேசியிருந்தாள். அதற்கடுத்த நாள் கவுன்சிலரிடம் பேசினாள், சர்ச் ஃபாதரிடம் பேசினாள். எல்லாம் வாயளவில். இதற்கிடையே பாவு கொடுக்கும் பலராமன் கறாராகச் சொல்லிவிட்டார்: “வியாழக்கிழமை பாவு கைக்கு வரணும். இல்லன்னா வேற ஆளுங்ககிட்ட குடுத்துடுவேன். ஆவணி முகூர்த்தம் எனக்காவ நிக்காதும்மா.”

புதன்கிழமை காலை சிவசங்கரி கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். செய்யாறு பக்கத்துச் செருப்புக் கம்பெனிக்கு வேன் போகிறது. பெயர் கொடுத்தால் திங்கள் முதல் வேலை.

“சாயந்திரத்துக்குள்ள இத்த குடுக்கணும்க்கா. எனக்கு இங்க இருக்கத்தான் புடிக்குது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. யார்கிட்ட பேசின, அவங்க இன்னா சொன்னாங்க?”

“ஃபாதர் பாக்கலாம்னு சொல்லிகினு இருக்காரு...”

“அப்டியா?” என்றாள் காத்தாயி. “நேத்துதான் மார்க்கெட்ல அவரைப் பாத்தேன். ரோஸியா, பூசைக்கே ரெண்டு வாரமா ஆளக் காணோமேன்னாரு. நீ எந்த ஃபாதர்கிட்ட பேசின, போளூர் ஃபாதர்கிட்டயா?”

ஜெயக்குமார் சிரிப்பை அடக்க இருமினான். ரோஸி பள்ளத்தைப் பார்த்தாள். உள்ளே இறங்கிவிடலாம் போலிருந்தது.

“யார்கிட்டயும் பேசல,” என்றாள். “எனக்கு ஒரு எடமும் தெரியல. நான் பயந்தா நீங்களும் பூடுவீங்கன்னு சும்மா சொல்லிகினு இருந்தேன்.”

ஜெயக்குமார் தலையைச் சொறிந்தான்.

“யக்கா, நான் பந்தி பரிமாறப் போறேனே, அந்தக் கல்யாண மண்டபம்... ஆடியில ஒரு ஈ காக்கா கெடையாது. சாப்பாட்டுக் கூடம் எம்பது அடி. மேனேஜர் நம்மாளுதான்.”

“அடப்பாவி! இத்த ஏன்டா அன்னிக்கே சொல்லல?”

“நீதான் பேசிட்டேன்னியே. பெரிய எடமா முடிச்சிருப்பன்னு நெனச்சேன். நடுவுல பூந்து கெடுப்பானேன்னு வாய மூடிகினு இருந்தேன்.”

ரோஸிக்கு அது தோன்றியிருக்க நியாயமில்லை. அவள் கல்யாணமே ஆடியில்தான் நடந்தது. ஆனால் ஊரில் முக்கால்வாசிப்பேர் ஆடியில் தாலி கட்டுவதில்லை. ஆகவே மண்டபங்கள் தூங்கும். ஆவணிக்கான புடவைகளுக்காகத் தறிகளோ தூங்குவதில்லை.

வியாழன் விடிந்தபோது சாப்பாட்டுக் கூடத்தில் பாவு நீண்டு கிடந்தது. மேலே இருபத்திரண்டு மின்விசிறிகள். தெருவில் ஆடிக் காற்று இழையைப் பிய்க்கும். இங்கே ரெகுலேட்டரைத் திருப்பினால் காற்று சொன்ன பேச்சைக் கேட்டது. கூடம் தந்த பழக்கத்தில் ஜெயக்குமார் கஞ்சி வாளியோடு, “சாம்பார்... சாம்பார்...” என்று நடந்தான்.

“எனக்குக் கொஞ்சம் கெட்டியா ஊத்து,” என்றாள் காத்தாயி.

சிவசங்கரியும் வந்திருந்தாள். வேன் காகிதத்தை நான்காய் மடித்து, ஆடும் மேசைக்காலுக்கு அடியில் வைத்திருந்தாள். மேசைமேல் டீ சிந்தாமல் நின்றது.

பலராமன் வந்து, பாவைத் தடவிப் பார்த்து, குறை கிடைக்காமல் மின்விசிறியைக் குறை சொல்லிவிட்டு எடுத்துப் போனார்.

“சரி, ஆவணி பொறந்து மண்டபத்துல மேளம் கொட்டினா எங்க போவோம்?” என்று கேட்டாள் காத்தாயி.

“அதெல்லாம் நான் பே...” என்று தொடங்கினாள் ரோஸி. மூன்று தலைகள் ஒன்றாய்த் திரும்பின.

“தெரியல,” என்றாள் ரோஸி. “உங்க யாருக்காவது எதுனா தெரியுமா?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.