ஒரு மாதத்துக்கான ஜெர்சி

லண்டன் நோர்பரியில், 2005 குளிரில், பேருந்தைவிட்டு இறங்கும்போது என் கோட்டின் ஜிப் பிய்ந்துவிடுகிறது. திட்டிக்கொண்டே எதிரே தெரியும் தமிழ்த் தையல்கடைக்குள் நுழைகிறேன். எனக்கு முன்னால் நிற்பவரின் தலை கூரை விளக்கை இடிக்கிறது. கூடைப்பந்து ஆட்டக்காரராம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், முழங்காலில் பட்டி. மேசையில் சிவப்பு ஜெர்சியை விரித்து, துணியில் வெட்டிய வெள்ளை எழுத்துகளை அதன் முதுகில் அடுக்குகிறார்.

“எந்த அணி?” என்று கேட்கிறேன்.

“இது ஒன்பதாவது. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் விளையாடிட்டன். இங்கை காயப்பட்ட ஒருத்தனுக்குப் பதிலா ஒரு மாசத்துக்கு எடுத்திருக்கினம். ஒரு மாச ஆளுக்குப் பேர் அடிக்கமாட்டினமாம். அதுதான் நானே தைப்பிக்கிறன்.”

சிவபாலசுந்தரம். ஆங்கில எழுத்தில் தோளுக்குத் தோள் இடம் போதாமல் இரண்டு வரியாகிறது.

தையல்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார். “ஒரு மாசம்தானே தம்பி, மேலோட்டமாத் தைச்சுவிடட்டோ? ஜெர்சியைத் திருப்பிக் குடுத்தாப் பிறகு அவைக்குப் பிரிக்கச் சுகம்.”

“ரெண்டு தையல் போட்டு இறுக்கித் தையுங்கோ அண்ணை. பிரிக்கிறவை பாடுபடட்டும்.”