செல்வக்கனி வேலியோரத்துக் கவுதாரிகள்

காலை 5.20. முத்தையாபுரத்தில் திருச்செந்தூர் பேருந்தில் ஏறினேன். உப்பளங்களைத் தாண்டும்வரை இருட்டுதான். திருச்செந்தூரில் வண்டி மாறிச் சாத்தான்குளத்தில் இறங்கியபோது 7.35. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் அக்கா செல்வக்கனி. மூன்று ஏக்கர் மானாவாரிச் சோளம் போட்டிருக்கிறார். கவுதாரிகள் முட்டையிட என்று வேலியோரம் பத்தடி அகலத்தை உழாமல் புல்லும் புதருமாக விட்டிருக்கிறார். அதைப் பார்க்கத்தான் போனேன்.

8.00. வரவேற்ற செல்வக்கனியின் கையில், கவுதாரி பிடிக்க வைத்த நைலான் கண்ணிகள் ஒரு கொத்து. விடிந்ததிலிருந்து வேலியோரம் நடந்து ஒன்பது எடுத்திருக்கிறார். கவுதாரி தங்க ஆரம்பித்தபின் சோளத்தில் கரையான் குறைந்துவிட்டது என்றார். கண்ணி வைத்தவர் யாரென்றும் அவருக்குத் தெரியும்: கணவரின் தம்பி முருகேசன். இவர் நிலத்தை உழுவதும் அவருடைய டிராக்டர்தான்.

8.40. முருகேசன் பைக்கில் வந்தார், தோளில் சாக்கு. மும்பையிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிகளுக்குக் கவுதாரிக் கறி வேண்டுமாம். செல்வக்கனி பைக் சாவியை உருவிக்கொண்டார்.

"எத்தன வச்ச?"

"பதினொண்ணு, மைனி."

"ஒம்பது எங்கிட்ட இருக்கு. மிச்சம் ரெண்டும் எங்கன?"

அடுத்த உழவுக்கு வேறு டிராக்டர் பார்த்துக்கொள்ளுமாறு சொன்னார் முருகேசன். செல்வக்கனியின் முகம் ஒரு கணம் வாடியது.

"மாட்ட வச்சு உழுதுக்கிடுதேன். கண்ணி எங்கன, சொல்லு."

முருகேசன் முன்னே நடந்தார். ஒன்று காலியாக இருந்தது. மற்றதில் ஒரு பெட்டைக் கவுதாரி, கால் இறுகிக் கிடந்தது. செல்வக்கனி முந்தானையால் அதன் தலையை மூடி, அரிவாள் நுனியால் நைலானை அறுத்தார். கீழே விட்டதும் நொண்டியபடி ஓடிப் புல்லுக்குள் மறைந்தது. முருகேசன் சாவியை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் போனார்.

உழவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் அதற்குள் சாத்தான்குளத்துக்குப் போன் போட்டு, யாரிடம் டிராக்டர் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

11.15. திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கவுதாரிக் குழம்பை நானும் எத்தனையோ விருந்துகளில் தின்றிருக்கிறேன். யார் காட்டு வேலியில் சிக்கியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வரும் ஞாயிறு அண்ணன் வீட்டில் விருந்து. திருச்செந்தூர் வருமுன் அவரைப் போனில் கூப்பிட்டு, இலையில் கவுதாரி இருந்தால் நான் வரமாட்டேன் என்றேன். அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.