அம்மா குவைத்துக்குப் படித்த மரியாதை

என் அம்மாவை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதட்டிய ஒரு வாரம் உண்டு. அவளே கேட்டுக்கொண்டதால்தான் அதட்டினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு.

அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நைனா கான்ட்ராக்ட் ஆளாக இருந்தார். ஒருநாள் பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறிப் பாய்ந்து அவர் வலது கையைத் தீய்த்துவிட்டது. புண் ஆறியது, விரல்கள் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி கேட்டிலும் அவரை உள்ளே விடவில்லை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று அப்படித்தான் முடிவானது.

பக்கத்து ஆரணியில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் இருந்தார். அவர் அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தார். போகிற இடத்தில் எப்படி மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் நான் உரக்கப் படித்துக் காட்டுவேன். இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது. உட்காரும்போது உள்ளங்கால் அடுத்தவர் பக்கம் தெரியக் கூடாது. ஆண்கள் இருக்கும் அறைக்குள் கூப்பிடாமல் நுழையக் கூடாது. விருந்தாளி காபிக் கப்பை லேசாக ஆட்டிக் காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"நம்ம ஊட்ல டம்ளர ஆட்னா இன்னும் ஊத்துன்னு அர்த்தம்" என்று நைனா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

படித்தால் மட்டும் போதாது, பழக வேண்டும் என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் நான் குவைத் வீட்டு எஜமானி மேடமாக உட்கார்ந்தேன். "நல்லா அதட்டுடி. அதட்னாலும் மூஞ்சி மாறாம நிக்கணும், அதுக்குத்தான்" என்று சொல்லிக் கொடுத்தாள். தண்ணீர் கேட்டேன். வலது கையால் கொடுத்தாள். டம்ளரில் அழுக்கு என்றேன். கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடியும் அழுக்கு என்றேன். என்னிடம் அதட்டலுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாமே அவளிடமிருந்து வாங்கிச் சேர்த்து வைத்திருந்தவை. அவள் தரையைப் பார்த்தபடி "சரி மேடம்" என்பாள். பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப்பையை எறிந்துவிட்டு நாற்காலியில் ஏறிவிடுவேன். அவ்வளவு சந்தோஷமான வாரம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

தாளில் இல்லாத பாடம் ஒன்றும் இருந்தது. ஏஜென்ட் அதை வாயால் சொல்லியிருந்தார். வேலைக்கு எடுப்பதற்கு முன் மேடம் வீடியோவில் பார்ப்பார்கள். குழந்தை உண்டா என்று கேட்பார்கள். சின்னக் குழந்தை என்றால், வேலைக்கு வந்தவள் ஆறு மாதத்தில் ஊருக்குப் போகணும் என்று அழுவாள் என நினைத்து வேண்டாம் என்றுவிடுவார்கள். அதனால் ஒரே பொண்ணு, பெரிய பொண்ணு, கட்டிக் குடுத்துட்டேன் என்று சொல்ல வேண்டும். சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும்.

மற்றதெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொண்ட அம்மாவுக்கு இது மட்டும் வரவில்லை. "ஒரே பொண்ணு மேடம்" என்பதோடு குரல் நின்றுவிடும். "தப்பு. முதல்லேர்ந்து சொல்லு" என்பேன். "அடுப்புல இன்னாமோ தீயுது" என்று எழுந்து போவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

"ஏயாம் வாய்ப்பாடு எனக்கு வராதப்ப நீ எப்டிச் சொல்லவெச்ச? அந்த மாதிரி சொல்லும்மா, நெனைக்காம" என்றேன். ஆறாம் நாள் தடுமாறாமல், சிரித்த முகத்தோடு முழுக்கச் சொல்லிவிட்டாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்துக்குப் பத்து போட்டுக் கையெழுத்தும் போட்டேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த நைனா எழுந்து எங்கோ நடந்து போனார்.

வீடியோவில் பேச வேண்டிய நாளன்று நைனா கைக்கு வைத்தியம் பார்க்கப் பெரியாஸ்பத்திரி போயிருந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா ஆரணிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏஜென்ட்டின் முகம் மாறியது. "பாப்பாவ ஏம்மா இட்டாந்த? போன்ல தெரியாம என் பின்னாடி நிக்கச் சொல்லு" என்றார். அவர் போனை அம்மாவின் முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். ஆகவே அம்மா மேடத்தைப் பார்த்தால் என்னையும் பார்த்தாக வேண்டியிருந்தது.

மேடம் சின்ன வயசுக்காரர், மென்மையான குரல். மடியில் கைக்குழந்தை. அவர் பேசுவதை ஏஜென்ட் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா பதில் சொன்னாள். சமைப்பாயா என்றார், உடம்புக்கு ஏதாவது உண்டா என்றார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. அம்மாவின் கண் போனிலிருந்து என் பக்கம் ஒரு முறை உயர்ந்தது. மறந்துவிட்டாள் என்று பயந்து நான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

"ஒரே பொண்ணு மேடம். பெரிய பொண்ணு. கட்டிக் குடுத்துட்டேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். மேடமும் சிரித்து ஏதோ சொன்னார். "நீ குடுத்து வெச்சவ, உன் பொறுப்பெல்லாம் முடிஞ்சிடுச்சின்றாங்க" என்றார் ஏஜென்ட். மேடம் தன் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அம்மாவும் கையை ஆட்டினாள், மறக்காமல் வலது கையை.

அடுத்த மாதமே போய்விட்டாள். நான்கு வருடம் கழித்துத்தான் திரும்பினாள். மேடம் நல்லவராம். அங்கே போய்ச் சில மாதங்களில் அம்மா உண்மையைச் சொன்னபோது திட்டவில்லையாம், வெள்ளிக்கிழமைதோறும் தன் போனையே கொடுத்துப் பேசச் சொன்னாராம். நான் வயசுக்கு வந்தபோது அத்தைதான் தண்ணீர் ஊற்றினாள். அம்மா அதையும் அந்தப் போனில்தான் பார்த்தாள்.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது ஆரணியிலிருந்து திரும்பிய அந்த மத்தியானம். புதுவாயலில் பஸ் இறங்கியதும் அம்மா என்னைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனாள். கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்தவர்களால் கடை நிறைந்திருந்தது. எனக்கு மட்டும் வாங்கினாள். "நான் சொல்லிக்குடுத்ததாலதான பாஸ் ஆன?" என்று நான் வழியெல்லாம் கேட்டதையே மறுபடியும் கேட்டேன். "ஆமா, நீதான் சொல்லிக்குடுத்த" என்றாள். பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் குருமாவில் தோய்த்து என் வாயருகே நீட்டினாள். அவள் எனக்கு ஊட்டிவிட்டு நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். எதிர் மேஜையில் இருந்தவர்கள் எங்களையே பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது.

"வுடும்மா, எல்லாரும் பாக்கறாங்க. எனக்குத் துன்னத் தெரியாதா?" என்று அவள் கையைத் தள்ளிவிட்டேன்.

அம்மா அந்தத் துண்டை இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதுவும் வெட்கமாக இருந்தது. சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று அவசர அவசரமாக விழுங்கினேன்.