வெள்ளிக்கிழமைகளில் யார்க் போய்வந்தோம்

சவுதியில், ஜுபைல் கேம்ப் மெஸ்ஸில் சனிக்கிழமை காலை டீ குடிக்கும்போது, முந்தின நாள் லீவை எப்படிக் கழித்தோம் என்று பீற்றிக்கொள்வது வழக்கம். ஒருவன் பஸ் ஏறி டவுனுக்குப் போய் சென்ட் பாட்டில் வாங்கியிருப்பான். இன்னொருவன் அல் கோபாரில் மச்சானைப் பார்த்துவிட்டு வந்திருப்பான். மற்றவர்கள் துணி துவைத்து, முடி வெட்டிக்கொண்டு, மட்டன் குழம்பு சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். எங்கள் ரூம்காரர்களிடம் கேட்டால் மட்டும் "யார்க் போயிருந்தோம்" என்பார்கள். அது இங்கிலாந்தில் இருக்கிற பழைய ஊர் என்று தெரிந்ததும், கேட்டவன் எங்களை ஏற இறங்கப் பார்ப்பான். பார்க்கட்டும். நாங்கள் போனது உண்மை. கூட்டிக்கொண்டு போனவள் என் மகள்.

நான் அப்போது சாரம் கட்டுகிற கோஷ்டிக்கு ஃபோர்மேன். பெட்ரோகெமிக்கல் பிளான்ட்டில் குழாய் போகிற உயரத்துக்கெல்லாம் இரும்புச் சாரம் எழுப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. மகள் ஊரில் கட்டடக்கலை படித்து, ஸ்காலர்ஷிப் வாங்கி, பழைய கட்டடங்களைப் பராமரிக்கிற மேல்படிப்புக்காக யார்க் போயிருந்தாள். எங்கள் வம்சத்தில் அதற்குமுன் திருச்சியைத் தாண்டிப் படித்தவர்கள் கிடையாது.

யார்க்கில் சனி ஞாயிறு வந்தால், சுற்றிப்பார்க்க வருகிற கூட்டத்துக்கு ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் வழிகாட்டியாகப் போவார்களாம். மகளுக்கு அதில் சேர ஆசை. சேர வேண்டுமென்றால் ஒரு சோதனை உண்டு. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். முதல் தடவை அவள் கையை நீட்டி நீட்டிக் காட்டினாளே தவிர, வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை வரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போனில் அழுதாள்.

"எனக்குப் பேச வரலப்பா. விட்டுடறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோதனை வைத்தவர்கள் மேல் இல்லை, "விட்டுடறேன்" என்ற அந்தச் சொல்லின் மேல். சாரத்தின் உச்சியில் கால் நடுங்கி இறங்கி வந்த எத்தனை பேரை மறுபடி மேலே ஏற்றிவிட்டவன் நான். ஆட்களுக்கு முன்னால் பேசத்தானே பயம், ஆட்கள் என் ரூமிலேயே இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை கூப்பிடு என்றேன்.

நாங்கள் ஆறு பேர் தங்கிய ரூம் அது. படம் அனுப்புகிற வசதியெல்லாம் இல்லாத என் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு, காலி எவர்சில்வர் குண்டானுக்குள் இறக்கி வைப்போம். சத்தம் கணீரென்று வரும். மகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலிங் கார்டு போட்டு, தெருவில் நடந்துகொண்டே பேசுவாள். எங்களுக்கு அது சாயங்கால டீ நேரம்.

முதல் வாரம் சுத்த சொதப்பல். இதோ பாருங்கள் கோட்டை மதில், அதோ தெரிகிறது பாருங்கள் பெரிய சர்ச் என்று கடகடவென்று ஒப்பித்துக்கொண்டே போனாள். எங்கள் ரூமில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஸ்டோர்கீப்பர், அதிகம் பேசமாட்டார். அவர் குண்டானுக்குள் குனிந்து சொன்னார்:

"பிள்ளை, எங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை. நாங்கள் ஜுபைலில எல்லே இருக்கிறம்."

ரூமே சிரித்தது. அந்தப் பக்கம் மகளும் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அடுத்த வாரம் ஆளே மாறி வந்தாள். "எல்லாரும் எடது கைய நீட்டுங்க. சில்லுனு கல்லு படுதா? அதான் மதிலோட வெளிச்சுவர், நாம மதில் மேல நடக்கறோம். வலது பக்கம் கைப்பிடி கிடையாது, கீழ புல்லுச் சரிவு. பாத்து வாங்க" என்றாள். கைப்பிடி இல்லை என்றதும் நாங்கள் அத்தனை பேரும் கட்டிலில் சுவர்ப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டோம். யாரும் சொல்லி நகரவில்லை. தொழில் புத்தி.

அதன்பிறகு பக்கத்து ரூமில் சீட்டாடக் கூப்பிட்டால், "மாஃபி, யார்க் போகணும்" என்று எங்கள் ஆட்கள் அரபியும் தமிழும் கலந்து மறுத்தார்கள். பழைய கசாப்புக்கடைத் தெருவுக்குப் போனோம். மாடிகள் இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கின்றன, கறி மாட்டிய கொக்கிகள் இன்னும் தொங்குகின்றன என்றாள். எங்கள் மட்டன் குழம்பு ஸ்பெஷலிஸ்ட் அந்தத் தெருவை விட்டு நகரவே மறுத்துவிட்டான். பெரிய சர்ச் கட்டி முடிக்க இருநூறு வருடத்துக்கு மேல் ஆனதென்று கேட்டபோது, சாரக்காரனுக்கு எவ்வளவு ஓவர்டைம் கிடைத்திருக்கும் என்று ஒருவன் ஏங்கினான். போகப்போக தமிழில் ஒரு சுற்று, இங்கிலீஷில் ஒரு சுற்று. இங்கிலீஷ் பாதி புரியாது. ஆனால் அவள் குரல் நடுங்குவது நின்றுவிட்டது எல்லோருக்கும் புரிந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இருக்கட்டும், ஆறு காக்கை சேர்ந்து சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

சோதனை ஒரு சனிக்கிழமை வந்தது. எங்களுக்கு டியூட்டி நாள். பிளான்ட்டுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அன்றைக்குச் சாரத்தின் மேலே நின்றுகொண்டு, முறுக்கிய கிளாம்பையே மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தேன். என்ன விஷயம் பாய் என்று கேட்ட பாகிஸ்தானி வெல்டரிடம், மகளுக்குப் பரீட்சை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். கையுறையைக் கழற்றிவிட்டு அங்கேயே அவளுக்காகக் கையேந்திப் பிரார்த்தித்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, ஷூகூடக் கழற்றாமல் ஆறு பேரும் குண்டானைச் சுற்றி உட்கார்ந்தோம். போன் வந்தது. அவள் குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"காலையில எந்திரிச்சுப் பாத்தா ஒரே மூடுபனிப்பா. மதிலும் தெரியல, சர்ச்சுக் கோபுரமும் தெரியல. எனக்கு முன்னாடி போனவங்க, காட்டறதுக்கு ஒண்ணுமே இல்லாம தடுமாறிட்டாங்க."

நீ என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"எல்லாரையும் எடது கைய நீட்டச் சொன்னேன்."

யாழ்ப்பாணத்துக்காரர் குண்டானுக்குள் குனிந்தார்.

"சேத்துக்கிட்டாங்கப்பா. சோதிக்க வந்த அம்மா கடைசியில, மூடுபனியில இப்படிக் கூட்டிட்டுப் போக எங்க பழகுனேன்னு கேட்டாங்க. ஜுபைல்லன்னு சொன்னேன்."

வெயில், தூசி, டியூட்டி என்று திட்டுவதற்கு மட்டுமே நாங்கள் வாயில் எடுத்த பேர் அது. அந்த ஊரின் பேரை அவ்வளவு பெருமையாக ஒருத்தி சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். சொன்னவள் என் மகள்.