மூச்சு முட்டிய பிக்கப் வண்டி

தேனீப் பெட்டிகளை ஏற்றி இறக்கியே பாதி ஆயுசை ஓட்டியவள் என்பதால், தெருவில் எல்லோருக்கும் அவள் தேனக்கா. தேனீ கொட்டினால் முகம் சுளிக்க மாட்டாள். வழியில் அது அடிபட்டுச் செத்தால்தான் தாங்க மாட்டாள். அப்படி ஒரு பிறவி. அவளுடைய பழைய பிக்கப் வண்டியும் லேசுப்பட்டதல்ல. ஊருக்குள் சமர்த்தாக ஓடும். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்தால் போதும், சூடு காட்டும் ஊசி கிடுகிடுவென்று சிவப்புக்கு ஏறிவிடும்.

வேறு சமயமென்றால் எப்படியோ சமாளித்திருப்பாள். ஆனால் பெட்டிகள் இருந்த பழத்தோட்டத்தில் இரண்டொரு நாளில் பூச்சிமருந்து அடிக்கப் போகிறார்கள். அதற்குள் அவற்றை நெடுஞ்சாலை தாண்டி, தொலைவிலுள்ள சூரியகாந்தி வயலில் சேர்க்க வேண்டும். அங்கேயே விட்டுவிட்டால் தேனீக்கள் மருந்தில் சாகும். வழியில் வண்டி நின்றால் மூடிய பெட்டிக்குள் வெந்து சாகும். ஊர்ந்து போகலாமென்றால் போய்ச் சேர்வதற்குள் உச்சி வெயில் வந்துவிடும்.

கணவரோ எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். “கிழட்டு வண்டியைக் கட்டிக்கிட்டு ஏன் அழுற? வண்டியையும் வித்துடு, ஈயையும் வித்துடு.”

“உங்களுக்கும்தான் வயசாச்சு. வித்தா போட்டேன்?”

வண்டிக்குக் கீழே படுத்திருந்த மெக்கானிக் சிரித்துவிட்டான். தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் மூடி எல்லாம் அவன் ஏற்கெனவே மாற்றிப் பார்த்தவை. “தண்ணி நல்லா ஓடுது அக்கா, எங்கயும் ஒழுகல. ஃபேனும் சுத்துது. அப்புறம் காத்துதான் பாக்கி” என்று எழுந்தான்.

இன்ஜினை ஓடவிட்டு, பழைய செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்து வண்டியின் முன்பக்கக் கம்பிகள்மேல் வைத்தான். ஃபேன் காற்றை இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது ஒட்டாமல் வழுக்கிக் கீழே விழுந்தது. மெக்கானிக் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுத் துழாவினான்.

“அக்கா, உள்ள ஏதோ துணி மாதிரி இருக்கே?”

தேனக்காவின் முகம் வெளுத்துவிட்டது. துணியல்ல, கொசுவலை. ஓடும்போது தேனீக்கள் ரேடியேட்டரில் மோதிச் சாகக் கூடாதென்று அவளே வெட்டிக் கட்டியது. பழையதைக் கழற்றச் சோம்பல்பட்டு, வருஷா வருஷம் அதன்மேலேயே புதியதையும் கட்டியிருக்கிறாள். கறுப்புக் கம்பிக்குப் பின்னால் கறுப்பு வலை, யார் கண்ணுக்குத் தெரியும்? வெளியே இழுத்தபோது தூசியும் மகரந்தமும் அப்பி, பழைய மெத்தைபோல வந்தது.

“ஈ சாகக் கூடாதுன்னு வண்டிக்கு மூக்கைப் பொத்திட்டியே!” கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஊருக்குள்ள கொஞ்சம் காத்தே போதும் அக்கா. வேகமா ஓடினா மூச்சு முட்டத்தானே செய்யும்?” என்றான் மெக்கானிக்.

அசடு வழிந்தாலும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனாலும் ஓட்டிப் பார்த்தால்தானே நம்ப முடியும்?

மறுநாள் விடியற்காலையில், தேனீக்கள் வெளியே கிளம்புமுன் பெட்டிகளை மூடி ஏற்றினார்கள். கணவர் இரண்டு கேன் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்தார். நெடுஞ்சாலையில் வேகம் கூடியது. ஊசியைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“எங்கங்க நிக்குது?”

“நடுவுல.”

மேட்டில் ஏறியதும் மறுபடி கேட்டாள்.

“நடுவுலதான். நீ ரோட்டைப் பாரு, தாயே!”

சூரியகாந்தி வயலில் பெட்டிகளை இறக்கி ஒவ்வொன்றாக வாசலைத் திறந்தாள். கடைசிப் பெட்டியைத் திறந்தது ஈயை விற்கச் சொன்ன அதே மனிதர். அவள் அதில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ரீங்காரம் குறையவே இல்லை.

“எல்லாம் உசிரோட இருக்குங்க” என்றாள்.

“தெரியுது. கொட்டிடுச்சு.”

அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.