கழுத்துக்குக் கீழே முதலாளி

1. முப்பத்தாறு ஆணி

கொல்லங்கோட்டில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்குப் புது என்லார்ஜர் வந்த அன்று, அது வந்த மரப்பெட்டியில் முப்பத்தாறு ஆணிகள் இருந்தன. நான் டப்பாவில் போட்டது முப்பத்தைந்து. மீதி ஒன்று முதலாளியின் செருப்பில் ஏறியிருந்தது. இது எழுபதுகளின் நடுவில்.

அங்கே நான் ரீடச்சர். இன்று கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் செய்கிற வேலையைச் சாய்வு மேசையில் உட்கார்ந்து நான் செய்தேன். என்னிடம் இருந்தவை: பென்சில் பதினொன்று, பிளேடு நான்கு, பிரஷ் மூன்று, பூதக்கண்ணாடி ஒன்று. நெகட்டிவைப் பென்சிலால் தொட்டால் பிரிண்டில் பருவும் சுருக்கமும் மறையும். பிளேடால் சுரண்டினால் பிரிண்டில் அந்த இடம் கறுக்கும், நரைத்த மீசை இளமையாகும்.

நெகட்டிவைப் பெரிய படமாக்குவது என்லார்ஜர். எங்கள் பழைய என்லார்ஜரில் பல்பு வெளிச்சம் பால்கண்ணாடி வழியாக வரும். படம் கொஞ்சம் மங்கலாக, மெத்தென்று இருக்கும். பாலக்காட்டு ஸ்டூடியோக்காரர்கள் முடியை எண்ணுகிற மாதிரி படம் போடுகிறார்கள், நம் ஆட்கள் பஸ் ஏறி அங்கே போகிறார்கள் என்று முதலாளி புலம்பினார். எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள் என்பதால், மெஷினைத் தேர்ந்தெடுக்க என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று எங்கள் பழையது மாதிரியே பால்கண்ணாடி. மற்றது கண்டென்சர், அதாவது பல்புக்குக் கீழே இரண்டு தடித்த லென்ஸ். நான் கொண்டுபோன ஒரு குழந்தையின் நெகட்டிவை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். பால்கண்ணாடியில் இமைமுடி ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை. கண்டென்சரில் ஒரு கண்ணுக்கு இருபத்துமூன்று. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். யோசித்திருக்க வேண்டும்.

2. உடம்பு நெகட்டிவ்

எங்கள் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு வேலை உண்டு. இறந்துபோன பெரியவருக்கு வீட்டில் தனிப் படம் இருக்காது. அறுவடைக் களத்தில், சட்டையில்லாமல், பத்துப் பேர் நடுவில் நிற்கிற படம் ஒன்றுதான் இருக்கும். வீட்டார் அதைக் கொண்டுவந்து கொடுத்து, கோட்டும் சூட்டுமாக, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முழுப் படம் வேண்டும் என்பார்கள்.

நாங்கள் அந்த முகத்தை மட்டும் காப்பி எடுத்துப் பெரிதாக்கி, வெட்டி, தயாராக வைத்திருக்கும் ஓர் உடம்பின் மேல் ஒட்டுவோம். ஒட்டிய இடத்தைப் பிரஷ்ஷால் மூடி, மறுபடி நெகட்டிவ் எடுப்போம். அந்த உடம்பு யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. அது எங்கள் முதலாளியுடையது. ஸ்டூடியோவில் இருந்த ஒரே கோட்டு அவருக்குத்தான் பொருந்தியது. என் கணக்குப்படி அதுவரை பதினேழு வீடுகளின் பெரியவர்கள் கழுத்துக்குக் கீழே முதலாளியாக இருந்தார்கள்.

புது என்லார்ஜரில் முதல் பெரிய வேலை நல்லேப்பிள்ளி வேலுச்சாமிக்கு. நெல் விவசாயி. மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மணமேடைப் பக்கத்தில் தன் அப்பாவின் படத்தை வைக்க வேண்டும், பெண் முதலில் தாத்தா காலில் விழுந்து எழுந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று சொல்லியிருந்தார். வழக்கமான உடம்பையே வைத்தேன். படம் அற்புதமாக வந்தது. கோட்டின் நூல்கூடத் தெரிந்தது.

3. வியாழக்கிழமை

வேலுச்சாமி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். பிறகு பார்வை கீழே இறங்கியது. அங்கேயே நின்றது.

"ஏனுங்க, எங்கய்யனுக்குச் சுண்டுவிரல் நேராத்தானுங்களே இருந்துச்சு?"

படத்தில் முழங்கால் மேல் இருந்த இடது கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. முதலாளியின் விரல் ஒரு முறை பஸ் கதவில் மாட்டி அப்படி ஆகிவிட்டது. பழைய என்லார்ஜரில் பதினேழு தடவையும் அது தெரியவே இல்லை.

வயதானால் விரல் வளையும் என்றார் முதலாளி. சொல்லிக்கொண்டே தன் இடது கையை மேசைக்கு அடியில் இறக்கினார். இறக்காமல் இருந்திருக்கலாம்.

"அந்தக் கைய மேல வைங்க."

முதலாளி வைத்தார். வேலுச்சாமி விரலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். மூன்று தடவை. பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம எம்பொண்ணு ஆரு கால்ல உழுகோணுமுங்க? எங்கய்யன் கால்லயா, உங்க கால்லயா?"

படத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"இமைய எண்ணுன, வெரல எண்ணுனயா? ஞாயித்துக்கெழமைக்குள்ள இது சரியாகலீன்னா, திங்கக்கெழம நீயும் உம்மெசினும் ஒரே பஸ்ஸுல கோயமுத்தூரு போயிருங்க."

கல்யாணமாகி எனக்கு அப்போது ஐந்து மாதம். வேறு தொழில் தெரியாது. பழைய என்லார்ஜரில் போட்டு மங்கலாக்கலாம் என்றால், அதன் லென்ஸைக் கழற்றிப் புதியதில் மாட்டியதே நான்தான். கழற்றும்போது பழையதில் லென்ஸைப் பிடித்திருந்த வளையம் உடைந்துவிட்டது. பிளேடால் விரலை நேராக்கப் பார்த்தேன். முதல் முறை விரல் காணாமல் போனது. இரண்டாம் முறை ஆறு விரல் ஆனது.

வேலுச்சாமியைச் சமாதானப்படுத்த டீ கொண்டுபோனேன். அவர் பெஞ்சில் கைகளை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். களத்துப் படத்தில் அவருடைய அப்பாவின் தோள் இறங்கியிருந்த அதே சாய்வு. விரல் பத்தும் நேர்.

"ஏனுங்க, நீங்களே கோட்டப் போட்டுட்டு உக்காந்தா என்னுங்க?" என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, தன் அய்யன் மெலிந்த ஆள், தான் இப்படி இருக்கிறோமே என்று வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"மேலோகத்துல நல்லாச் சாப்புடறாருன்னு நெனச்சுக்குவாங்க, வாங்க," என்றார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த முதலாளி.

கோட்டில் மூன்று பட்டன். இரண்டு பூட்டின, மூன்றாவது பூட்டவில்லை. அவருடைய துண்டையே கழுத்தைச் சுற்றி மார்பில் தொங்கவிட்டேன். பட்டனும் மறைந்தது, கழுத்தில் ஒட்டுப்போடும் கோடும் மறைந்தது. இருபது வருடம் பிரஷ் பிடித்தாலும் அவ்வளவு சுத்தமாக ஒட்டை மறைத்திருக்க முடியாது. வெள்ளி முழுக்க இருட்டறையில் இருந்தேன். சனிக்கிழமை படம் தயார்.

4. ஞாயிற்றுக்கிழமை

முதலாளியும் நானும் கல்யாணத்துக்குப் போனோம். முதலாளி மூன்று மணி நேரமும் இடது கையை ஜிப்பாவின் பக்கப் பையில் வைத்திருந்தார். இலையில் உட்கார்ந்தபோதும் எடுக்கவில்லை.

பெண் வந்து படத்தின் முன் விழுந்தாள். பக்கத்தில் நின்றிருந்த வேலுச்சாமி தன்னையறியாமல் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். அவள் எழுந்து அப்பா காலில் விழத் திரும்பினாள். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குத் தனியா வேண்டாங் கண்ணு. அதுல இருக்கறதும் எங்காலுதான்."

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவரே எல்லாருக்கும் விளக்கமாகச் சொன்னார், பெருமையாகவே. சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் நான்கு பேர் முதலாளியிடம் வந்து, தங்கள் அய்யனுக்கும் தாங்களே உடம்பு கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. மூத்தவன் உடம்பா, இளையவன் உடம்பா என்று அங்கேயே தகராறு. திரும்பும் பஸ்ஸில் முதலாளி அந்த மூன்று ஆர்டரைப் பற்றி மட்டுமே பேசினார். திங்கட்கிழமை நான் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன். கோயமுத்தூர் பஸ் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

போட்டோவுக்குக் கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்கு அழகான குழந்தைப் படத்தைக் கொண்டுபோகாதீர்கள். அது எந்த மெஷினிலும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் அதிகமாக வெட்டி ஒட்டிய படத்தைக் கொண்டுபோய் முழுப் பெரிதாக்கிப் பாருங்கள். விரல்களை எண்ணுங்கள்.