நடுவில் நிற்கிற இரண்டு பேரின் சட்டைகள்

ஊரார் உடுப்பைத் தோய்க்கிற தொழிலில் கறை போனாலும் கவலை போகாது. வீட்டில் ஒரு கூடை, வேலையில் ஒரு கூடை என்று அல்லாடுகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளில் கனடாவில், சென்ட் லோரன்டில் ஒரு கல்லூரியின் தோய்க்கிற அறையில் நானும் கமலாக்காவும் வேலை செய்தோம். மகளை விடுகிற கார்டறி, அதுதான் பிள்ளை பராமரிக்கிற இடம், பக்கத்துக் கட்டடம். அதைவிட வசதியான வேலை எனக்கு மொன்றியலில் கிடைக்காது. ஆனால் எங்களுக்கு வேலை தந்தது கல்லூரியின் அமெரிக்கன் புட்போல் அணி. அந்த வருஷமும் தோற்றால் அணியைக் கலைப்போம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அணி போனால் நாங்களும் வீட்டுக்கு.

முதுகில் புல்

எனக்கு அந்த விளையாட்டு விளங்காது. அணியின் கோச்தான் ஒருநாள் சவர்க்காரப் பெட்டிகளை மேசையில் அடுக்கிக் காட்டினார். எதிராளி பந்தோடு வருகிறபோது மறிக்கிற வரிசையின் நட்டநடுவில் பாரமான இரண்டு பெடியன்கள் நிற்பார்கள். அவர்கள் அசையாவிட்டால் எதிராளி சுற்றி ஓடவேண்டும்; அதற்குள் மற்றவர்கள் பிடித்துவிடுவார்கள். அவர்கள் விழுந்தால் எதிராளிக்கு நேரே பெருந்தெரு.

எங்கள் நடுக்காரர் எத்தியெனும் லூக்கும். எத்தியெனின் சட்டை நெஞ்சில் சேற்றோடு வரும். அவன் தள்ளியிருக்கிறான் என்று அர்த்தம். லூக்கின் சட்டையைக் கமலாக்கா விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னா: "முதுகு முழுக்கப் புல்லடி. இவன் விளையாடப் போனவனோ, படுக்கப் போனவனோ?"

யாருக்கும் வேண்டாத இடம்

லூக்குக்குப் பதிலாகக் கோச் ஆள் தேடினார். வந்தவன் எல்லாம் பந்தோடு ஓடத்தான் வந்தான். ஒரு பெடியன் கதவை அடைத்துக்கொண்டு நின்றான், அப்படி ஒரு உடம்பு. எங்கள் அறை வாசலில் வைத்தே கோச் அவனைக் கெஞ்சினார். நானும் கமலாக்காவும் உடுப்பு மடிக்கிறதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் மரியாதையாகத்தான் மறுத்தான்: "நடுவிலை நிண்டால் என்ரை அம்மாவுக்கே என்னைத் தெரியாது, முசியே."

வளருற பிள்ளை

நடுவில் நம்பக்கூடியவன் என்று மிச்சம் எத்தியென் ஒருவன். அவனுடைய சட்டை அப்படியொரு இறுக்கம்; கழற்றினால் கைக்கடியில் கமக்கட்டெல்லாம் சிவந்திருக்கும். கமலாக்காவுக்குப் பொறுக்கவில்லை. வளருற பிள்ளை என்று பள்ளிக்கூடச் சட்டையைப் பெரிதாகத் தைத்துப் பழகின கை எங்களுடையது. யாரையும் கேட்காமல் இரண்டு பக்கமும் துணி வைத்து அகட்டிவிட்டா. எத்தியென் மெர்சி என்று நன்றி சொல்லி அவவைக் கட்டிப்பிடித்தான்.

சனிக்கிழமை எதிராளிகள் அந்தத் தொளதொளத்த துணியை, நடுவர் பாராத நேரம், கைநிறையப் பிடித்து அவனைச் சுழற்றினார்கள். முழங்கால் போய்விட்டது. பிடிக்க இடம் இருக்கக்கூடாது என்றுதான் நடுக்காரருக்கு இறுக்கமான சட்டை என்று கோச் பிறகு சொன்னார். கமலாக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஊன்றுகோலோடு வந்த எத்தியென்தான் அவவைத் தேற்றினான்: "இனிச் சாப்பிடேக்கை அதைப் போடுறன், மதாம். நல்ல வசதி."

கடைசி ஆட்டம்

குளிர்ச் சட்டையோடு நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். எத்தியெனின் இடத்தில் ஒரு மெலிந்த ஓட்டக்காரனை நிறுத்தியிருந்தார்கள். எதிராளிகள் ஓரப்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தரமும் நடுவால்தான் வந்தார்கள். எங்கள் கெட்டிக்காரப் பெடியன்கள் பந்து வரும் வரும் என்று ஓரத்தில் இருந்தே விறைத்தார்கள். நான் கார்டறியை நினைத்துக்கொண்டு கைதட்டினேன். அது எதிராளியின் புள்ளி என்று கமலாக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினா.

திங்கட்கிழமை கோச் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "வடிவாய்த் தோய்ச்சு விடுங்கோ, மதாம். இனி அணி இல்லை, உடுப்பை விக்கப் போகினம்."

ஒரு முழு அணியும், எங்கள் இரண்டு பேரின் வேலையும், என் மகளின் கார்டறியும் தன் முழங்காலில்தான் நின்றன என்று எத்தியெனுக்கு முன்னமே தெரிந்திருந்தால், பாவம், அவன் பயத்திலேயே விழுந்திருப்பான்.